கொள்ளுகுடிப்பட்டிக்குப் போய் வந்தோம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் கல்லூரியில் சேர்ந்த செய்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "பாவாடையெல்லாம் புளிக்கறையோடு வந்து நிற்பாளே, அவள் மகளா?" என்று வியந்துபோனார். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் தொந்தரவு. மற்றபடி எல்லோரும் நலம்.

தீபாவளி முடிந்த வாரத்தில் அப்பாவை அழைத்துக்கொண்டு காரில் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம் போய் வந்தோம். மேலூர் தாண்டியதிலிருந்து அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். புளியமரங்களைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்கு நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? கிளை உரசும் இடத்தில் கை நீட்டிப் பறித்த செங்காயைப் பல் கூசும்வரை தின்போமே! கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த அடிமரத்தில் எழுதிய எண்களை உரக்கப் படித்துக்கொண்டே போவாய் நீ.

இப்போது அது நான்குவழிச் சாலை. நடுவில் அரளி பூத்திருக்கிறது. பார்க்க அழகுதான், ஆனால் ஆடு மேய்ப்பவர் உச்சி வெயிலில் அரளியடியில் ஒதுங்க முடியுமா? சாலை அகலமாக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் தாத்தா காலத்து மரத்தை ஒரே பகலில் சாய்க்கிறவர்கள், அதற்கு ஈடாக நட்ட கன்றுக்கு இரண்டு கோடை தண்ணீர் ஊற்ற ஓர் ஆளைக்கூடப் போடுவதில்லையே, அதுதான் ஆறவில்லை.

ஆனால் கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய் அந்த மனக்குறையைப் போக்கிவிட்டது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்று 1977இல் அறிவிக்கப்பட்ட இடம். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறி, உள்ளே நிற்கும் கருவேல மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. தலையெல்லாம் நாரையும் கொக்கும் நீர்க்காகமும். கரைக்குப் பக்கத்திலேயே ஒரு நத்தைக்குத்தி நாரையைப் பார்த்தேன். அலகின் இரண்டு பாதியும் நுனியில்தான் சேர்கின்றன, நடுவில் இடைவெளி. சேற்றைத் துழாவி ஒரு நத்தையை எடுத்தது, தலையைச் சாய்த்துச் சாய்த்து என்னவோ செய்தது, சதை உள்ளே போய்விட்டது, ஓடு மட்டும் விழுந்தது. கரை ஓரமெல்லாம் அப்படிப்பட்ட வெற்று ஓடுகள் கிடந்தன. அப்பா குனிந்து ஒன்றை எடுத்துத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கூடு கட்டிக் குஞ்சு பொரிக்க வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பக்கத்து ஊர்களில் சத்தம் கேட்கும்போது சின்னப் பிள்ளைகள் அடம்பிடிக்க மாட்டார்களா என்று அங்கே ஓர் அம்மாவிடம் கேட்டேன். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டு வாசலில் யாராவது வெடி போடுவார்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். பறவை எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதையும் சொன்னார். ஆனால் அதைச் சொன்னது இரண்டாவதாகத்தான். யாரும் காவல் நின்று இந்தக் கட்டுப்பாட்டைக் காக்கவில்லை. ஊர் தன்னுடையது என்று நினைத்ததைத் தானே காக்கிறது. சாலையோரப் புளியமரத்துக்கு அப்படி ஓர் ஊர் வாய்க்காமல் போய்விட்டது.

திரும்பும்போது அரிட்டாபட்டியிலும் இறங்கினோம். 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். கழிஞ்சமலைக் குகையில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகளையும் சமணர் படுக்கைகளையும் பார்த்தோம். லகர் வல்லூறு என்ற வேட்டைப் பறவை வாழும் மலை, நாங்கள் போன நேரம் கண்ணில் படவில்லை. அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஏலம் விட்ட செய்தி வந்தபோது நீ பதறிப்போய் எழுதியிருந்தாயே! 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்து மக்கள் மதுரைக்கு நடந்தே போய்த் திரண்டார்கள், அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்துசெய்தது. அந்த மலையடியில் நின்று ஆனைகொண்டான் கண்மாயைப் பார்த்தபோது, அவர்கள் எதற்காக அவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று அப்பாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

மார்கழி விடுமுறைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வா. அதுவரை பறவைகள் இருக்கும். தொலைநோக்கி உன்னிடம் இருந்தால் எடுத்து வா, எங்களிடம் இல்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: கண்மாய்க் கரைக்குப் பிளாஸ்டிக் பையில் தின்பண்டம் கட்டிக்கொண்டு வர நான் விடமாட்டேன். அம்மா புளியோதரை கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டார், வாழை இலையில். என்றைக்கு வருகிறாய் என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் மேலூர்த் தோழி