செக்போஸ்ட் இல்லாத நாடு

ரிமினி, இத்தாலி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். அம்மாவின் மூட்டுவலி இப்போது பரவாயில்லையா?

தம்பிக்கு சான் மரினோவில் வேலை வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறாராமே, அப்படி ஒரு நாடு நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. எங்கள் ஓட்டல் மொட்டைமாடியில் நின்றால் தெரிகிற மலைதான் அது. சுற்றிலும் இத்தாலி, நடுவில் 61 சதுர கிலோமீட்டரில் தனி நாடு. ஜனத்தொகை ஏறக்குறைய 34,000.

லீவு நாளில் நானே போய் வந்தேன். ரிமினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பஸ். ஒரு மணி நேரம்கூட ஆகாது. வழியில் சாலைக்கு மேலே, 'பழம்பெரும் சுதந்திர பூமிக்கு நல்வரவு' என்று எழுதியிருக்கும். அதைத் தாண்டினால் வேறு நாடு! டிரைவர் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் வாளையாறு செக்போஸ்டில் லாரியை வரிசையில் போட்டுவிட்டு விடிய விடியக் கிடந்தவர் நீங்கள், நம்பவே மாட்டீர்கள். கார் நம்பர் பிளேட் மாறுகிறது. பெட்ரோல் கொஞ்சம் மலிவு. இங்கிருந்து போய் டேங்க் நிரப்பி வருகிறவர்கள் உண்டு. காசு அதே யூரோதான். என் போன் மட்டும் எல்லையைக் கண்டுபிடித்து, அவர்கள் டவருக்கு மாறி, ரோமிங் என்று பேலன்ஸை வழித்துவிட்டது. எப்போதாவது இத்தாலிப் போலீஸ் சாலையோரம் நின்று காரை மடக்கி, பணமோ சரக்கோ போகிறதா என்று பார்ப்பதும் உண்டாம்.

இத்தாலி ஏன் இதை விழுங்காமல் விட்டது என்று எனக்கும் தோன்றியது. இத்தாலியை ஒன்றுசேர்க்கப் போராடிய தளபதி கரிபால்டி 1849-இல் துரத்தப்பட்டு வந்தபோது இடம் கொடுத்தவர்கள் இவர்கள். பிறகு இத்தாலி ஒரே நாடானதும் 1862-இல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். எங்கள் சமையலறைப் பெரியவர் சொன்னது இன்னொரு கதை. 1944-இல் ரிமினியில் குண்டு விழுந்தபோது அவருடைய பாட்டி மலையேறி ஓடி, ரயில் சுரங்கத்துக்குள் குடும்பத்தோடு ஒளிந்திருந்தாராம். அப்படி ஒரு லட்சம் பேர் வரை அந்தச் சின்ன ஊரில் தஞ்சம் புகுந்தார்கள். ரயில் இப்போது இல்லை, சுரங்கம் இருக்கிறது.

அங்கே நாட்டுத் தலைவர்கள் இரண்டு பேர், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுகிறார்கள். நம் பஞ்சாயத்துத் தலைவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இனி ஏஜென்ட் விஷயம். 'செக்கிங்கே கிடையாது, தனி நாடு, ஷெங்கன் விசா (இத்தாலி உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தரும் ஒரே விசா) தேவையில்லை' என்று சொல்வது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. அந்த எல்லையில் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை, சரி. ஆனால் அங்கே போக இத்தாலியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். இத்தாலியில் இறங்க ஷெங்கன் விசா வேண்டும். சுற்றுலா அலுவலகத்தில் 5 யூரோ கொடுத்தால் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்துகிறார்கள். அது ஞாபகார்த்தத்துக்கு மட்டும். அதை வைத்து ஒரு நாள்கூட வேலை பார்க்க முடியாது. வேலைக்கு அந்த அரசாங்கமே தனியாக அனுமதி தர வேண்டும். இத்தாலி பர்மிட் கையில் இருக்கிற நானே அங்கே போய்ச் சம்பளத்துக்கு நிற்க முடியாது.

ஆகவே தம்பி அட்வான்ஸ் எதுவும் கொடுக்க வேண்டாம். முதலாளி பெயர் போட்ட வேலை அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேட்கச் சொல்லுங்கள். தந்தால் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும், நேரில் போய் விசாரிக்கிறேன். பாஸ்போர்ட்டை ஏற்கெனவே கொடுத்திருந்தால் முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்