பிளப்பதும் இணைப்பதும்

அன்புள்ள மகளுக்கு,

கனமான அணுவைப் பிளந்தாலும் ஆற்றல், லேசான அணுக்களை இணைத்தாலும் ஆற்றல், இரண்டும் எப்படி உண்மையாக முடியும் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதிதான் புரியும் என்பதால் எழுதுகிறேன்.

புரோட்டான்களும் நியூட்ரான்களும் மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பது இரும்பு, நிக்கல் போன்ற நடுத்தர அணுக்கருக்களில்தான். யுரேனியம் உடைந்தால் அந்த நடுவை நோக்கி வருகிறது. ஹைட்ரஜன் சேர்ந்தாலும் அதே பக்கம்தான் போகிறது. இறுக்கம் கூடும்போது நிறை கொஞ்சம் குறையும். குறைந்ததுதான் ஆற்றலாக வெளியே வருகிறது. எடைக்கு எடை பார்த்தால், இணைவு பிளவைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு தரும்.

அப்புறம் ஏன் உலகத்து அணுமின் நிலையங்கள் எல்லாம் பிளவிலேயே ஓடுகின்றன? தொடங்குவது சுலபம். நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. மெதுவாக வந்தாலும், யுரேனியத்தில் எளிதில் பிளக்கும் வகையான யுரேனியம்-235க்குள் நுழைந்து அதைப் பிளந்துவிடும். ஜெர்மன் வேதியியலாளர்கள் ஓட்டோ ஹானும் ஸ்ட்ராஸ்மனும் 1938 கடைசியில் பிளவைக் கண்டார்கள். 1942 டிசம்பர் 2-ல் சிகாகோவில், ஒரு பிளவு அடுத்த பிளவைத் தூண்டும் தொடர்வினையே நடந்துவிட்டது. இணைவில் இரண்டு கருக்களும் நேர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியத்தையும் டிரிட்டியத்தையும் உலையில் சேர்க்கச் சுமார் 15 கோடி டிகிரி வேண்டும். சூரியனின் மையமே ஒன்றரைக் கோடிதான். அதற்குத் தன் எடையின் அழுத்தம் உண்டு, அவசரமும் இல்லை.

2022 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் ஓர் இணைவுச் சோதனையில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் கொடுத்து 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அந்த லேசர்களை இயக்கவே சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் போனது. கொண்டாட்டத்தில் இதைப் பலர் கவனிக்கவில்லை.

ஆனாலும் என் மனம் இணைவுப் பக்கம்தான் சாய்கிறது. காரணம், நிறுத்தும் விதம். பிளவு உலையில் தொடர்வினையை நிறுத்திய பிறகும், உடைந்த துண்டுகள் சிதைந்து வெப்பம் தந்துகொண்டே இருக்கும்; நிறுத்திய கணத்தில் அது முழுத் திறனில் 6 சதவீதத்துக்கு மேல். 2011-ல் ஃபுகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் நிலநடுக்கத்தின்போது தாமாகவே நின்றன. சுனாமி வந்து குளிர்விக்க மின்சாரம் இல்லாமல் போனதும், இந்த மிச்ச வெப்பம்தான் எரிபொருளை உருக்கியது. இணைவில் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் பெற்ற அந்தச் சூடான வாயு, கொஞ்சம் குளிர்ந்தாலே வினை நின்றுவிடும்.

அதற்காகக் கழிவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. பறந்து வரும் நியூட்ரான்கள் உலையின் சுவரையே கதிரியக்கமாக்கும். டிரிட்டியமும் இயற்கையில் கிடைப்பது சொற்பம். 12 வருடத்தில் பாதி அழிந்துவிடும். லித்தியத்திலிருந்து உலைக்குள்ளேயே அதைத் தயாரித்துக்கொள்ள வேண்டும், தனக்கு வேண்டிய அளவு தயாரித்துக் காட்டிய இணைவு உலை இன்னும் ஒன்றும் இல்லை. இணைவு மின்சாரம் இதோ வந்துவிட்டது என்று வாதம் செய்கிறானே உன் நண்பன், அவனிடம் முதலில் இதைக் கேள். என்ன சொன்னான் என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
அப்பா