ரெகுலஸ் கிளம்புகிறான்

அன்புள்ள நண்பா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. சொட்டு மருந்து முடியும்வரை பட்டறைப் பக்கம் போகாதே. இங்கே மகளுக்குப் பெண் குழந்தை. இன்னும் இரண்டு மாதம் லண்டனில்தான் இருப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை பிரிட்டிஷ் மியூசியத்தில், முன்கூட்டியே எழுதிக் கேட்டு ஒரு மெசோடின்ட் பார்த்தேன், செப்புத் தகட்டிலிருந்து எடுக்கும் ஒருவகை அச்சுப்படம். மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்காக பெஞ்சமின் வெஸ்ட் 1769இல் வரைந்த ‘ரெகுலஸ் ரோமை விட்டுப் புறப்படுதல்’. வேலன்டைன் கிரீன் 1771இல் அதைச் செப்புத் தகட்டில் இறக்கியிருக்கிறார்.

நீ அமிலம் வைத்துக் கோடு எடுத்தவன். இதில் கோடே கிடையாது. பல் வைத்த ராக்கர் என்ற கருவியைத் திசை மாற்றி மாற்றித் தகடு முழுக்க ஆட்ட வேண்டும். அப்படியே மை பூசி அச்செடுத்தால் தாள் பூரா மையிருட்டு. பிறகு வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டி மழமழப்பாக்க வேண்டும். ரெகுலஸின் முகம் அப்படி இருட்டுக்குள்ளிருந்து சுரண்டி எடுத்த முகம். செம்பு மிருதுவல்லவா, நூறு சொச்சம் பிரதிக்குப் பிறகு கறுப்பு வெளிற ஆரம்பித்துவிடும். நான் பார்த்ததில் கறுப்பு வெல்வெட்டாகவே இருந்தது.

ரோமின் எதிரியான கார்த்தேஜிடம் போரில் பிடிபட்ட ரோமானியத் தளபதி இந்த ரெகுலஸ். ரோமுக்குப் போய்க் கைதிகளை மாற்றிக்கொள்ளப் பேசு, முடியாவிட்டால் திரும்பி வா என்று சத்தியம் வாங்கி அனுப்புகிறார்கள். செனட்டில் எழுந்து, சம்மதிக்காதீர்கள் என்கிறான். சித்திரவதை காத்திருப்பது தெரிந்தே திரும்பப் போகிறான். அந்தப் போரை விரிவாக எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இந்தத் தூதைப் பற்றி மூச்சே விடவில்லை. நடந்திருக்குமா என்பதே சந்தேகம்தான். ஆனால் ரோமானியக் கவிஞர் ஹொரேஸின் கவிதையில், மனைவியின் முத்தத்தையும் பிள்ளைகளையும் விலக்கிவிட்டு முகத்தைத் தரைக்குத் தாழ்த்திக்கொள்கிறான். பிறகு மறிக்கும் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு, வழக்கு வேலை முடிந்து ஊர்ப்பக்கம் ஓய்வெடுக்கப் போகிறவன் போல நடக்கிறான்.

அந்தத் தாழ்த்திய முகத்தை நினைத்தபடியே வெகுநேரம் படத்தின் முன்னால் இருந்தேன். 1978இல் எழும்பூர் ஸ்டேஷனில் நீ கடைசிவரை ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. என்மேல் கோபம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லைதானே?

கண் தெளிந்ததும் பதில் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்