சந்து விழுந்தால் பையனைத் திட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் கடிதங்களில் ஒருவர் எழுதியிருந்தார். பள்ளி விடுமுறைக்குப் பதினோரு வயது மகனுக்கு சேபர் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் வாங்கிக் கொடுத்தாராம், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பெரிய சந்து விழுந்ததாம், "உனக்குப் பொறுமையே கிடையாது" என்று பையனைத் திட்டினாராம், இந்த மாதிரி நுணுக்கமான வேலையெல்லாம் நம் பிள்ளைகளுக்குக் கை வராது என்று கடைசியில் ஒரு தீர்ப்பும் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. திட்டு வாங்க வேண்டியது பெட்டிக்குள் இருந்த பாகங்கள், வாங்கிக்கொண்டது பையன்.

நான் பினாங்கு மாநிலத்துப் பிறை தொழிற்பேட்டையில் பல வருஷமாக பிளாஸ்டிக் வார்க்கும் மெஷினோடு வேலை பார்ப்பவன். வீட்டுக்கு வந்தும் அதே பிளாஸ்டிக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் (என் மனைவி இதற்குச் சம்பளமில்லாத ஓவர்டைம் என்று பெயர் வைத்திருக்கிறார்). அதனால் அந்தச் சந்து எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும்.

மாடல்களுக்குப் போடும் பாலிஸ்டைரீன் சூடாக மோல்டுக்குள் (வார்க்கும் அச்சுக்குள்) போய், ஆறும்போது சுருங்கும். ஆயிரத்துக்கு நாலு முதல் ஏழு பங்கு வரை சுருங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோல்டு வெட்டுகிறவர் அதைக் கணக்குப் பண்ணித்தான் வெட்டுவார், ஆனால் விமான உடலின் ஒரு பாதி தடிப்பாகவும் மறுபாதி மெல்லிசாகவும் இருந்தாலோ, ஆற விடாமல் அவசரப்பட்டு வெளியே எடுத்தாலோ கணக்கு தப்பிவிடும். 1/72 அளவு, அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு சேபர் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் நீளம். அதில் அரை மில்லிமீட்டர் தப்பினால் நிஜ விமானத்தில் மூன்றரை சென்டிமீட்டர் சந்து, விரலே நுழையும். பதினோரு வயதுப் பையன் அதற்கு என்ன செய்வான்?

இன்னொன்று, பெரிய கம்பெனிகள் எஃகில் மோல்டு வெட்டுகின்றன. அந்தச் செலவை எடுக்க ஏகப்பட்ட பெட்டிகள் விற்றாக வேண்டும், அதனால் உலகம் முழுக்கத் தெரிந்த விமானங்களைத்தான் செய்வார்கள். நமக்கு வேண்டியதெல்லாம் வேறு. 1941 டிசம்பரில் மலாயா வானத்தில் ஜப்பானியரோடு மோதிய பஃபலோ, கனடாவிலிருந்து நம் மலேசிய விமானப்படைக்கு வந்த தெபுவான், 1958 முதல் பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலியர்கள் ஓட்டி, 1969-க்குப் பிறகு நம்மவர்கள் ஓட்டிய சேபர். அந்த சேபர்கூட அமெரிக்க சேபர் கிடையாது, ரோல்ஸ் ராய்ஸ் ஏவான் எஞ்சினை நுழைக்க ஆஸ்திரேலியர்கள் உடலையே மாற்றியமைத்தது, ஆறு இயந்திரத் துப்பாக்கிக்குப் பதில் இரண்டு 30 மில்லிமீட்டர் பீரங்கி. இப்படிப்பட்டதை எல்லாம் பெரும்பாலும் சின்னக் கம்பெனிகள்தான் செய்கின்றன, மலிவான மோல்டில், குறைந்த எண்ணிக்கையில். இரண்டு பாதியும் நேராக உட்கார ஒரு பக்கம் முளையும் மறுபக்கம் குழியும் இருக்குமே, அதுவே பல பெட்டிகளில் இருக்காது. ஓரமெல்லாம் பிசிறு வேறு. இது போக, தேய்ந்துபோன பழைய மோல்டில் வார்த்ததைப் புதுப் படம் போட்ட பெட்டியில் வைத்து விற்பதும் உண்டு. இறக்கை மேல் இருக்கும் கோடுகள் பள்ளமாக இல்லாமல் மேடாகத் துருத்திக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அது பழைய காலத்து மோல்டு.

பினாங்குக் கடைக்காரர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் வாங்கும்போது "இது புதுசா ஒட்டுகிறவர்களுக்கு ஆகாது" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். எந்தப் பெட்டி எப்படி என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

சரி, வாங்கியாகிவிட்டது, தூக்கிப் போடவும் வேண்டாம். முதலில் பசையே போடாமல் எல்லாவற்றையும் டேப் ஒட்டிச் சேர்த்துப் பாருங்கள். முதுகுப் பக்கம் மூடவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் வெளியே இருக்காது, உள்ளே விமானி உட்காரும் பாகம் ஒரு இழை அகலமாக இருக்கும், அதன் இரு பக்கத்தையும் உப்புத்தாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தால் தானாக மூடிக்கொள்ளும். இறக்கையோரச் சந்துக்கு வேறு வழி. பாகங்களை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் சட்டத்திலிருந்து ஒரு துண்டு நறுக்கி, உடலுக்குள் குறுக்கே முட்டுக் கொடுங்கள். துண்டு தேவைக்குச் சற்றே நீளமாக இருக்க வேண்டும், அப்போதுதான் சுவர் இரண்டும் வெளியே தள்ளிக்கொண்டு போய் இறக்கையைத் தொடும். தொட்ட பிறகு பசை.

அதற்கு மேலும் மிஞ்சுகிற சந்துக்குத்தான் பட்டி (சந்தை அடைக்கும் பசைக் கலவை), கார் பட்டறையில் செய்கிற மாதிரி மெல்லிசாகப் பூசி, காய விட்டு, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மறுபடி பூச வேண்டும். ஒரேயடியாக அப்பினால் காய்ந்ததும் உள்வாங்கிவிடும். சிலர் சூப்பர் குளூவையே ஊற்றி நிரப்புவார்கள், நானும் செய்வேன், ஆனால் அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும், நாளானால் அது பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிச் சுற்றியுள்ள இடம்தான் தேயும். வளைந்த இறக்கையைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி நிமிர்த்தலாம். அது மட்டும் பெரியவர்கள் செய்கிற வேலை, பையன் கையில் கொடுக்காதீர்கள். பசை போடும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

நம் பிள்ளைகளுக்குக் கை வராது என்று எழுதியதுதான் மனசை உறுத்துகிறது. இதே பிறையிலும் பாயான் லெப்பாசிலும் மைக்ராஸ்கோப் வைத்துப் பார்க்க வேண்டிய வேலையைச் செய்தே வயிறு வளர்த்த குடும்பங்கள் நம்மில் எத்தனை!

அப்புறம், அந்த வாசகர் இன்னும் உடலை மூடி ஒட்டவில்லை என்றால் ஒரு விஷயம். சேபருக்கு மூக்கில் ஒரு சக்கரம், இறக்கைகளுக்கு அடியில் இரண்டு. மூக்குப் பக்கம் கனம் இல்லையென்றால் வால் தரையில் தட்டி உட்கார்ந்துகொள்ளும். தூண்டில் ஈயமோ சின்ன நட்டுகளோ நாலைந்தை எடுத்து, காற்று போகும் குழாய்க்கு மேலே, விமானி உட்காரும் இடத்துக்கு முன்னால் ஒட்டிவிட்டு மூடச் சொல்லுங்கள். ஈயம் தொட்டால் கையைக் கழுவ வேண்டும்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் வாசகர்