மகனுக்கு, மீசை சம்பந்தமாக

கோவில்பட்டி,
நவம்பர் 17

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். நீ, மருமகள், பாப்பா மூவரும் நலமாக இருப்பீர்கள். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டு அப்பாவுக்கு எதற்கு இப்போது கடிதம் என்று நினைப்பாய். போன் எப்போதும் உன் அம்மா கையில், அதுவும் ஸ்பீக்கரில். அந்தப் பக்கம் மருமகள். நான் சொல்ல வேண்டியது இப்படி இரண்டு பேரை நடுவில் வைத்துக்கொண்டு சொல்கிற விஷயம் இல்லை. ஈமெயிலில் அனுப்பலாம் என்றால் ஸ்கேன் பண்ணுகிற கடைப் பையன் படித்துவிடுவான். அதனால் பழையபடி தாளில் எழுதி ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். மாதம் முடிவதற்குள் வந்துவிடும் என்றார்கள்.

ஒன்றாம் தேதி காலையில் உன் முகத்தைப் பார்த்ததும் உன் அம்மா போட்ட சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டது. "ஏலே, யாருலே செத்தா? அப்பா குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கும்போது மீசைய எடுத்திருக்க!" என்று ஒரே அழுகை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் மகன் மீசையை மழிக்கிற நாள் எது என்று உனக்கும் தெரியும். நீ சிரித்துக்கொண்டே மோவெம்பர், மோ என்று என்னவோ விளக்கினாய். எனக்கு முதலில் மோவாய் என்றுதான் காதில் விழுந்தது. நான் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போய்விட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபம் இல்லை. ஏன் எழுந்து போனேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நீ சொன்னதை அப்புறம் உன் சித்தப்பா மகனிடம் சொல்லித் தேடிப் பார்த்தேன். 2003-இல் நீ இருக்கிற அதே மெல்போர்னில் இரண்டு நண்பர்கள் பீர் குடித்துக்கொண்டு, இந்த மீசை ஏன் வழக்கொழிந்து போனது, திரும்பக் கொண்டுவந்தால் என்ன என்று விளையாட்டாகப் பேசியிருக்கிறார்கள். டிராவிஸ் கரோன், லூக் ஸ்லாட்டரி என்று பெயர். ஆஸ்திரேலியாக்காரர்கள் மீசையை 'மோ' என்பார்களாம், அதை நவம்பரோடு ஒட்டிவிட்டார்கள். நண்பன் ஒருவனின் அம்மா மார்பகப் புற்றுநோய்க்காகப் பணம் திரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, நாமும் நவம்பரில் மீசை வளர்த்து ஆண்களின் நோய்க்குப் பணம் திரட்டுவோம் என்று தோன்றியிருக்கிறது. முதல் வருடம் 30 பேர். அடுத்த வருடம் 450 பேர் சேர்ந்து 54,000 டாலர் திரட்டி, முழுவதையும், புராஸ்டேட் என்கிற ஆண்களின் சுரப்பியில் வரும் புற்றுநோய்க்கான அறக்கட்டளைக்குக் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு 20 நாடுகளுக்கு மேல் நடக்கிறது. குடித்துவிட்டுப் பேசிய பேச்சில் இவ்வளவு நல்லது நடந்து நான் கேள்விப்பட்டதில்லை.

விதிகள்தான் எனக்குப் பிடித்தது. ஒன்றாம் தேதி எல்லோரும் மழுமழுவென்று தொடங்க வேண்டும். மாதம் முழுக்க வளர்க்க வேண்டும். கிருதாவோடு சேர்க்கக் கூடாது, சேர்த்தால் அது தாடிக் கணக்கு. மோவாயிலும் இணையக் கூடாது. அப்படியானால் உன் பெரியப்பாவை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்! அவர் மீசை கிருதாவில் போய்த்தானே முடியும்.

அங்கே உன் ஆபீஸ் பையன்களுக்கு மீசை வளர்ப்பதுதான் செய்தி. நீ வளர்த்ததற்காக அவர்கள் காசு தருகிறார்கள். இங்கே நீ மழித்ததுதான் செய்தி. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று பழமொழி சொல்லி வளர்ந்த ஊர் இது. பக்கத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, தன் சாதிக்கு வழக்கமில்லாத மீசையை வைத்துக்கொண்டது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை. யார் மீசையை முறுக்கலாம், யார் முறுக்கக் கூடாது என்று அடிதடி போட்ட வெட்கக்கேடும் இந்த நாட்டில்தான். முகத்தில் இருக்கிற கொஞ்சம் முடிக்கு நாம் ஏற்றிவைத்த பாரம் அதிகம்.

சரி, பெரியப்பா.

அவர் லாரி உனக்கு நினைவிருக்கும். தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் பத்து, பன்னிரண்டு நாள் கழித்து வருவார். வந்ததும் முதல் வேலை சலூன். மீசையை ஒதுக்கி, நுனிக்கு எண்ணெய் தொட்டு முறுக்கிக்கொண்டு தெருவில் நடந்து வருவார். நீ அவர் மடியில் உட்கார்ந்து அதைப் பிடித்து இழுப்பாய். வேறு யாராவது தொட்டிருந்தால் கை இருந்திருக்காது.

அவர் முதுகுவலியில் படுத்து 2009-இல் போய்ச் சேர்ந்தார் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறோம். ஊருக்கும் அப்படித்தான். முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவருக்கு முதுகு வலிக்காதா என்று யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. நாங்களும் முதலில் அதையேதான் நம்பினோம். எண்ணெய் தேய்த்தோம், கட்டுப் போட்டோம். ஒரு டாக்டர் எட்டு மாதம் வலி மாத்திரையே எழுதிக்கொண்டிருந்தார். ராத்திரியில் நாலு தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திரிக்கிறேன் என்று பெரியப்பா அவரிடம் சொல்லவே இல்லை. வயசானால் அப்படித்தான் என்பது அவர் நினைப்பு. கடைசியில் திருநெல்வேலியில் எலும்பு ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது. புராஸ்டேட்டில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது.

இதுவரை சொல்லியிருக்கலாம். இதற்கு அப்புறம் உள்ளதுதான் எங்கள் வாயைக் கட்டியது. அந்தக் கட்டி ஆண் ஹார்மோனைத் தின்று வளர்வது. அதை நிறுத்தினால் சுருங்கும். இதைக் கண்டுபிடித்த சார்ல்ஸ் ஹக்கின்ஸ் என்பவருக்கு 1966-இல் நோபல் பரிசு கொடுத்திருக்கிறார்கள் என்று இப்போது படித்தேன். அன்றைக்கு டாக்டர் எங்களுக்குச் சொன்னது இரண்டு வழி. ஒன்று, வாழ்நாள் முழுக்க விலை கூடிய ஊசி. இன்னொன்று, விதைகள் இரண்டையும் எடுத்துவிடுவது. ஒரே ஆபரேஷன், செலவு குறைவு. லாரி ஓட்டுகிறவர் எதைத் தேர்ந்தெடுக்க முடியும்? ஆனால் பெரியப்பா நாலு மாதம் முடியாது என்றார். "என்னைய காளைமாடுன்னு நெனச்சியாடா" என்று என்னிடம் கத்தினார். வலி தாங்க முடியாமல் ஒருநாள் அவரே போகலாம் என்றார். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று எல்லோரிடமும் சொன்னோம். உண்மை தெரிந்தது நான், பெரியம்மா, டாக்டர், அவ்வளவுதான். உன் அம்மாவுக்கே தெரியாது.

ஆபரேஷன் ஆன சில வாரத்தில் வலி நன்றாகக் குறைந்தது தம்பி. எழுந்து நடந்தார். அதை நினைத்தால்தான் அந்த நாலு மாதத்தை நான் வாதாடிக் குறைத்திருக்கலாமே என்று இருக்கிறது. ஆனால் உடம்பு திடீர் திடீரென்று காந்தும். மார்கழிக் குளிரில் ஃபேன் போடச் சொல்வார், சட்டை நனைந்துவிடும். பேச்சு குறைந்தது. மீசையை முறுக்குவதை விட்டார். ஒருநாள் காலை சலூனுக்குப் போய் முழுசாக மழித்துக்கொண்டு வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார். பெரியம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கப்புறம் ஒன்றரை வருடம் அந்த முகத்தோடுதான் இருந்தார்.

ஒன்றாம் தேதி போனில் உன் மேலுதட்டைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது அந்த முகம். நீ அவர் ஜாடை என்று எல்லோரும் சொல்வார்கள், மீசை இல்லாமல் அப்படியே அவர்தான். அதுதான் எழுந்து போனேன்.

இப்போது என் விஷயம். பதறாதே, டிக்கெட் போடாதே.

இரண்டு வருடமாக எனக்கும் ராத்திரியில் மூன்று, நான்கு தடவை எழுந்திரிக்க வேண்டியிருக்கிறது. போனாலும் நின்று நின்று வருகிறது. லைன்மேனாகக் கம்பத்தில் ஏறி இறங்கிய காலத்தில் மின்சாரத்துக்குப் பயப்படாதவன் இதற்குப் பயந்து யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மாவுக்குத் தெரியும், அவள் எண்ணிக்கொண்டே படுத்திருந்திருக்கிறாள். நீ மழித்த நாலாவது நாள் அவளையும் கூட்டிக்கொண்டு யூராலஜி டாக்டரிடம் போனேன். அவர் முதலில் கேட்ட கேள்வி: "குடும்பத்துல அப்பா, அண்ணன் தம்பி யாருக்காவது புராஸ்டேட் கேன்சர் இருந்திருக்கா?"

இல்லை என்றேன். பழக்கம். பதினாறு வருடப் பொய் தானாக வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தூக்கமில்லை. திரும்பப் போனேன், இந்தத் தடவை தனியாக. அண்ணனுக்கு இருந்தது சார் என்றேன். அவர் திட்டவில்லை. பேனாவை எடுத்துச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

அவர் விளக்கியதை உனக்கும் சொல்கிறேன். புராஸ்டேட் என்பது மூத்திரப் பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கிற சுரப்பி. மூத்திரக் குழாய் அதன் நடுவே போகிறது. வயதாக ஆகச் சுரப்பி வீங்கும், குழாய் நெருங்கும், என்னைப் போல ராத்திரி நடை தொடங்கும். பெரும்பாலும் இது வெறும் வீக்கம்தான், புற்றுநோய் இல்லை. புற்றுநோய் தொடங்கும்போது பல பேருக்கு ஒரு தொல்லையும் தெரியாது என்பதுதான் சிக்கல். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று, அந்தச் சுரப்பியிலிருந்து வருகிற ஒரு புரதத்தை அளக்கிறார்கள். எனக்கு 5.8 வந்திருக்கிறது. நாலுக்கு மேல் போனால் யோசிப்பார்களாம். ஆனால் வீக்கத்தாலும், கிருமியாலும்கூட ஏறும். எல்லா ஆண்களுக்கும் சும்மா இந்தப் பரிசோதனை எடுப்பது சரியா என்று டாக்டர்களுக்குள்ளேயே வாதம் உண்டு என்றார். மெதுவாக வளர்ந்து கடைசிவரை ஒன்றும் செய்யாத கட்டியைக்கூடக் கண்டுபிடித்து, அதற்கு வைத்தியம் பார்க்கப்போய் மூத்திரம் அடக்க முடியாமல் ஆனவர்களும் இருக்கிறார்களாம். அண்ணனுக்கு இருந்ததால் என் கதை வேறு. 24-ஆம் தேதி எம்.ஆர்.ஐ. ஸ்கேன். முடிவு எதுவானாலும் உனக்கு முழுசாகச் சொல்வேன். ராத்திரி போட ஒரு மாத்திரை தந்திருக்கிறார், நடை இரண்டாகக் குறைந்திருக்கிறது.

உனக்கு 31 வயது. அங்கே உன் டாக்டர் குடும்பத்தில் என்ன நோய் என்று கேட்டால் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று மட்டும் சொல்லாதே. பெரியப்பாவைச் சொல். உங்கள் குடும்பத்துப் பையன்கள் 50 வரை காத்திருக்காமல் முன்னாலேயே டாக்டரிடம் பேசிக்கொள்ளட்டும் என்றார் இவர். உன் வயதுக்கு வேறொன்று இருக்கிறது, நீ பணம் திரட்டுவதில் அதுவும் சேர்த்தி. விதையில் வரும் புற்றுநோய் இளவயசுக்காரர்களுக்குத்தான் அதிகம். வெந்நீரில் குளித்துவிட்டு மாதம் ஒரு தடவை கையால் பார்த்துக்கொள், கட்டியோ கனமோ தெரிந்தால் அன்றைக்கே போ. சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். இந்த இரண்டு வரியை எழுதப் பேனாவை இரண்டு தடவை மூடி வைத்தேன். எங்கள் அப்பா எங்களிடம் மழை, பருத்தி விலை தவிர எதையும் பேசியதில்லை.

60 கிலோமீட்டர் நடக்கிறேன் என்றாயே, அது உலகத்தில் மணிக்கு 60 ஆண்கள் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்பதை நினைவுபடுத்த என்று படித்தேன். நட. ஆனால் முழங்கால் வலித்தால் வாயைத் திறந்து சொல்.

நீ பணம் திரட்டுகிற இணையப் பக்கத்தில் 'எங்கப்பா மீசையில் பாதியாவது வளரட்டும்' என்று எழுதியிருப்பதைச் சித்தப்பா மகன் காட்டினான். சிரித்தேன். அதற்குப் பதில் பெரியப்பாவைப் போடலாமா என்று தோன்றியது. அது நான் முடிவு செய்கிற விஷயம் இல்லையே. நேற்று சாயங்காலம் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். நீ செய்வதைச் சொன்னேன், எனக்கு வந்த எண்ணைச் சொன்னேன், எல்லோருக்கும் தெரியும்படி அண்ணனுக்கு என்ன நோய் என்று போடலாமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் பூக் கட்டிக்கொண்டே இருந்தாள். சரி, வேண்டாம்போல என்று எழுந்து செருப்பை மாட்டினேன். அப்போதுதான் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்து வந்தாள். லாரி பானெட்டில் சாய்ந்து நிற்கிற படம். இதோடு வைத்திருக்கிறேன், மடங்காமல் பார்த்துக்கொள், வேறு பிரதி இல்லை.

"அவன்ட்ட சொல்லு," என்றாள். "மீசை இருக்குத படம்தான் போடணும்."

அன்புடன்,
அப்பா