லட்டுப் பாட்டு எழுதியவர்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று ராத்திரி போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. குட்டி பாடியதுதான் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சோபா மேல் ஏறி நின்று இரண்டு கையாலும் காற்றில் வட்டம் போட்டு "வத்தமான தத்து" என்று ஆரம்பித்தாளே, கடைசியில் காலித் தட்டு வந்ததும் உள்ளங்கையை விரித்துக் காட்டி உதட்டைப் பிதுக்கினாளே, அதை யார் சொல்லிக்கொடுத்தது? நீ இல்லை என்றாய். செல்போனில் கார்ட்டூன் பார்த்துத் தானாகப் பிடித்துக்கொண்டாள் என்றாய். சரி, இது யார் எழுதின பாட்டு தெரியுமா என்று நான் கேட்டதற்கு, "யாரும்மா எழுதியிருப்பாங்க, நாட்டுப்பாட்டு மாதிரி காலங்காலமா வர்றதுதானே" என்று சொன்னாய். அதற்குள் மாப்பிள்ளை கூப்பிட்டார், போனை வைத்துவிட்டோம்.

உன் மேல் கோபம் இல்லை. காலையில் எழுந்ததும் தம்பியை விட்டு அந்த கார்ட்டூனைத் தேடிப் பார்த்தேன். லட்டு உருளுகிறது, தட்டு குதிக்கிறது, இசையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதியவர் பெயர் எங்கேயும் இல்லை. அதைப் பார்க்கிற பிள்ளைக்கும் பிள்ளையைப் பெற்றவளுக்கும் எப்படித் தெரியும்? போனில் சொன்னால் பாதியில் அறுந்துபோகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

'வட்டமான தட்டு' பாட்டை எழுதியவர் அழ. வள்ளியப்பா. நம் புதுக்கோட்டைச் சீமைக்காரர். இராயவரத்தில் 1922ஆம் வருஷம் நவம்பர் 7ஆம் தேதி பிறந்தவர். திருமயம் பக்கம் கல்யாணத்துக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் ஊர்ப் பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வருவாயே, அந்தப் பக்கத்து ஊர்தான். பர்மிங்காமில் உன் மகள் சோபா மேல் நின்று பாடுகிற பாட்டு அந்தச் செம்மண்ணில் ஓடி விளையாடின ஒரு பிள்ளை வளர்ந்து எழுதினது என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்து போகிறது.

அங்கன்வாடியில் அந்தப் பாட்டோடு நான் எத்தனை வருஷம் பிழைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. ஒவ்வொரு வரியும் 'ட்டு' என்று முடிகிறது பார். தட்டு, லட்டு, எட்டு, விட்டு, கிட்டு, பட்டு. கை தட்டினால் தட்டு சரியாக அந்த எழுத்தில் வந்து விழும். நாக்கு திருந்தாத பிள்ளையும், 'ழ'வுக்கும் 'ற'வுக்கும் பயந்து வாயே திறக்காத பிள்ளையும் இதில் மட்டும் வந்து சேர்ந்துகொள்ளும், வரி தெரியாவிட்டாலும் கடைசி எழுத்தை மட்டும் கத்தினால் போதும், கூட்டத்தில் தானும் பாடிவிட்ட சந்தோஷம் அதற்கு. அப்புறம் கணக்கு. தட்டில் எட்டு, அதில் பாதியைத்தான் அண்ணன் கிட்டு எடுக்கிறான், மீதி தங்கை பட்டுவுக்கு. நாலும் நாலும் எட்டு, தட்டு காலி. கூட்டல், கழித்தல், வகுத்தல் மூன்றும் அதற்குள் இருக்கிறது, ஆனால் கணக்குச் சொல்லித் தருகிறேன் என்று எங்கேயும் காட்டிக்கொள்வதில்லை.

நான் சத்துமாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து எட்டு உருண்டை பிடித்து எவர்சில்வர் தட்டில் வைப்பேன். ஒரு பையன் கிட்டு, ஒரு பிள்ளை பட்டு. மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். ஒருநாள் கிட்டுவாக வந்த பையன் அவசரத்தில் ஐந்து உருண்டையை அள்ளிவிட்டான். பாட்டு அப்படியே நின்றுபோனது. நான் வாயே திறக்கவில்லை. பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை வாண்டும் "நாலு! நாலு!" என்று கத்தினதில் அவன் விழித்துக்கொண்டு நின்றான், அப்புறம் ஒன்றைத் திரும்ப வைத்தான், வைப்பதற்கு முன்னால் அதை ஒரு நக்கு நக்கிக்கொண்டான். அந்தப் பட்டுப் பிள்ளை அதைத்தான் முதலில் எடுத்துத் தின்றாள்.

தங்கைக்குப் பாதி. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் வீட்டில் தட்டு அப்படி வரவில்லை. உன் மாமாக்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு மிச்சம் இருப்பதுதான் எனக்கும் சித்திக்கும். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அம்மாச்சிக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் பெண்பிள்ளைக்குக் கொடு என்று ஒரு வார்த்தை புத்தி சொல்லாமல், ஆணுக்கு நாலு பெண்ணுக்கு நாலு என்று சும்மா எண்ணி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளைகள் அதைக் கேள்வியே கேட்காமல் பாடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சில வருஷங்களில் மாவு மூட்டை வந்து சேராமல் நாள் கணக்கில் இழுத்துவிடும். ஆயா டப்பாவைத் தட்டித் தட்டிப் பார்ப்பாள். அந்த நாட்களில் நான் லட்டுப் பாட்டை எடுக்கவே மாட்டேன். காலையில் கஞ்சிகூடக் குடிக்காமல் வந்திருக்கிற பிள்ளை முன்னால் தட்டு நிறைய லட்டு என்று எப்படிப் பாடுவது? "டீச்சர் லட்டு, டீச்சர் லட்டு" என்று அதுகள் கேட்கும்போது வேறு பாட்டுக்கு மாற்றிவிடுவேன். மூட்டை வந்து இறங்கின அன்றைக்கு அதையே இரண்டு தடவை பாடுவோம்.

அவரைப் பற்றிக் கேள். பள்ளிப் படிப்பு முடித்த கையோடு மெட்ராஸுக்குப் போய் 'சக்தி' பத்திரிகை அலுவலகத்தில் காசாளராகச் சேர்ந்தார். அங்கே இருந்த எழுத்தாளர் தி.ஜ.ர. இந்தப் பையனை எழுது எழுது என்று தூண்டிவிட, முதல் கதை எழுதினார். அதற்குப் பெயர் 'ஆளுக்குப் பாதி'. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது கண்ணம்மா, முதல் கதையிலேயே பாதி பங்கு! பிறகு இந்தியன் வங்கியில் வேலை. வாழ்க்கையில் பெரும்பகுதி வங்கி ஊழியராகத்தான் இருந்தார். பகலெல்லாம் ஊரார் பணத்தை எண்ணிக் கணக்கு எழுதிவிட்டு வந்து பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதியிருக்கிறார். 1944இல் 'மலரும் உள்ளம்' என்ற பாட்டுத் தொகுப்பு வந்தது. ஈசாப் கதைகளைப் பாட்டாக்கினார், காந்தி கதையைப் பாட்டிலே சொன்னார். தான் எழுதினால் போதும் என்று இருந்துவிடாமல் 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கி, பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தார். ஓய்வு பெற்றபிறகும் சும்மா இருக்கவில்லை, 'கோகுலம்' சிறுவர் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். 1989இல் காலமானார். குழந்தைக் கவிஞர் என்றால் தமிழில் இன்றைக்கும் அவர் ஒருத்தர்தான்.

நான் வேலையில் சேர்ந்தது அதற்கு அடுத்த வருஷம். ஒரு வருஷத்தில் தவறவிட்டேன். இராயவரத்துக்குப் பல தடவை போயிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அந்தப் பெரிய பெரிய வீடுகளுக்கு நடுவே நடக்கும்போது, இருக்கும்போதே வந்து ஒரு கும்பிடு போட்டிருக்கலாமே என்று தோன்றும்.

அவர்மேல் ஜனங்களுக்கு இருக்கிற பாசம் ஒரு தினுசானது. சினிமாக்காரருக்கு வைக்கிற மாதிரி கட்அவுட் இல்லை. பெயரைச் சொன்னால் பாதிப் பேர் யோசிப்பார்கள். முதல் வரியை எடுத்துக் கொடு, அப்புறம் பார் முகத்தை. ஒரு தடவை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா ஆய்வுக்கு வந்திருந்தார், சிரித்து நான் பார்த்ததே இல்லை, எடைப் பதிவேட்டை வரிவரியாக விரலால் தடவிப் பார்க்கிற ஆள். எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பிள்ளைகள் தங்கள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பேனா நின்றுவிட்டது. உதடு அசைகிறது. பிள்ளைகள் ஒரு வரியை விட்டுவிட்டுத் தாவியதும் அந்த அம்மா நிமிர்ந்து, "டீச்சர், பிட்டு விட்டுப்போச்சு" என்றார். பட்டு லட்டைப் பிட்டு வாயில் போடுகிற வரி. அந்த ஒரு வரி குறைந்ததை அவரால் தாங்க முடியவில்லை! எத்தனை வருஷத்துக்கு முன்னால் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ. அன்றைக்குப் பிறகு எனக்கு அவரிடம் பயமே போய்விட்டது.

புதுக்கோட்டை புத்தகத் திருவிழாவில் இன்னொருத்தரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்தவர், வேட்டி, கையில் மஞ்சள் பை. வள்ளியப்பா புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்தார், ஆனால் பக்கத்தைப் பார்க்கவே இல்லை, எங்கேயோ பார்த்துக்கொண்டு முழுப் பாட்டையும் மெல்லிய குரலில் சொல்லி முடித்துவிட்டு, கடைப் பையனிடம் "பேரனுக்கு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பணத்தை எடுத்தார். அவருக்கும் ஒரு காலத்தில் யாரோ மடியில் வைத்துப் பாடியிருக்க வேண்டும், அந்த ஆள் இப்போது இல்லாமல் இருக்கலாம். எழுதினவரோடு சேர்ந்து, பாடிக்காட்டினவரும் அந்தப் பாட்டுக்குள் இருந்துவிடுகிறார் என்று நினைக்கிறேன். எனக்கு அதில் கேட்பது என் மூன்றாம் வகுப்பு டீச்சரின் குரல். கொஞ்சம் கரகரப்பான குரல்.

உன் அப்பாவுக்கு இதே பைத்தியம் சிறுவர் கதை எழுதின வாண்டுமாமா மேல். அவரும் நம் பக்கம்தான், அரிமளம். வள்ளியப்பாவுக்கு மூன்று வயது இளையவர். ஒரே திருமயம் வட்டாரத்தில் மூன்று வருஷ இடைவெளியில் இப்படி இரண்டு பேர்! அந்தக் காலத்தில் புதுக்கோட்டையிலிருந்து 'பாலர் மலர்', 'டமாரம்' என்று எத்தனையோ சிறுவர் பத்திரிகைகள் வந்திருக்கின்றன, மண் அப்படி. வாண்டுமாமா 'பூந்தளிர்' சிறுவர் பத்திரிகை நடத்தின காலத்து இதழ்களை அப்பா டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பது உனக்குத் தெரியும், கபீஷ், காக்கை காளி, சுப்பாண்டி எல்லாம் நீயும் அதில்தான் படித்தாய். 2014 ஜூனில் அவர் இறந்துபோன செய்தி வந்த அன்றைக்கு அப்பா யாரிடமும் பேசவில்லை. பரண் மேலிருந்து பெட்டியை இறக்கி, ஒவ்வொரு இதழாகத் தூசி தட்டி வெயிலில் பரப்பி வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம்தான் திரும்ப அடுக்கினார். துக்கத்துக்குப் போன மாதிரியே இருந்தது அவருக்கு. இரண்டு பேரில் யார் பெரியவர் என்று எங்களுக்குள் இன்னும் சண்டை நடக்கிறது, அதை நீ வந்து தீர்த்து வை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குட்டி கார்ட்டூனில் பார்த்துப் பாடுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் அந்த ஊரில் இந்தப் பாட்டு அவள் காதுக்கு வந்தே இருக்காது. ஆனால் ஒரு தடவை போனை அணைத்துவிட்டு உன் வாயால் பாடு. உனக்குப் பாட வராது என்று சொல்லாதே, எட்டு வரை எண்ணத் தெரிந்தால் போதும். பாடி முடித்ததும் "இது வள்ளியப்பா தாத்தா எழுதினது, அம்மாச்சி ஊர்க்காரர்" என்று சொல். மூன்றரை வயசுப் பிள்ளைக்கு எதற்குப் பெயர் என்று நினைக்காதே. பக்கத்து வீட்டுப் பூனையின் பெயரைக்கூட என்னிடம் சரியாகச் சொல்கிறாளே, இதைச் சொல்ல மாட்டாளா?

இன்னொரு காரணமும் இருக்கிறது. தை மாசம் உனக்குப் பிரசவம். இதுவரைக்கும் தட்டில் இருக்கிற எட்டும் அவளுக்கு மட்டும்தான். இனிமேல் பங்குக்கு ஆள் வருகிறது. அதை நீயும் மாப்பிள்ளையும் எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது என்று நேற்று கவலைப்பட்டாய் இல்லையா? நான் வரும்போது ரவா லட்டு பிடித்துத் தருகிறேன், தட்டில் எட்டு வைத்துப் பாடுவோம். இந்தத் தடவை அவள்தான் கிட்டு. பாப்பாவின் பங்கை அதுக்குப் பல் முளைக்கிற வரை மாப்பிள்ளை சாப்பிடட்டும்.

விசாவுக்குத் தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான். அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தோடு உன் பழைய பாட்டுப் புத்தகத்தையும் பார்சலில் அனுப்புகிறேன். அட்டை போய்விட்டது, காலண்டர் தாள் போட்டுத் தைத்திருக்கிறேன். லட்டுப் பாட்டு இருக்கிற பக்கத்தை நீயும் தம்பியும் ஆளுக்கு ஒரு பக்கமாக இழுத்துக் கிழித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? மேல் பாதி உன் கையில், கீழ்ப் பாதி அவன் கையில். உன்னிடம் லட்டு, அவனிடம் காலித் தட்டு என்று சொல்லி அவன் அழுத அழுகை தெருவுக்கே கேட்டது. சோற்றுப் பருக்கையை நசுக்கி அப்பாதான் ஒட்டினார். ஒட்டின இடம் காய்ந்து மொடமொடவென்று இருக்கிறது. குட்டி கையில் உடனே கொடுத்துவிடாதே, முதலில் நீ மெதுவாகப் பிரித்துப் பார்.

அன்புடன்,
அம்மா