கேம் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய வீடியோ கேம்களைக் கையில் வைத்து விளையாடும் கருவிகள் பற்றி நம் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதையெல்லாம் எழுத ஆள் குறைவு, அதனால் முதலில் சந்தோஷம்தான். ஆனால் எதை வாங்குவது என்று சொல்ல வந்த இடத்தில், இதில் 5,000 கேம், அதில் 10,000 கேம், ஆகவே அதுதான் மேல் என்று முடித்துவிட்டார்கள். அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க மனசு வரவில்லை. கம்பம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் 16 வருஷமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அந்த எண்ணிக்கையை நம்பி வாங்கியவர்கள் கடைசியில் என் மேசை முன்னால்தான் வந்து நிற்கிறார்கள்.

போன மே மாதம் நடந்தது. வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, மகன் எஸ்எஸ்எல்சி பாஸானதற்காக ஆன்லைனில் ஒரு கேம் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார். பையனை விட அவன் அப்பாவுக்குத்தான் ஆசை, சின்ன வயதில் தான் விளையாடிய கான்ட்ரா என்ற சுடும் கேமை மகனுக்குக் காட்ட வேண்டும் என்று. பெட்டி மேலே 400 கேம் என்று போட்டிருந்தது. உள்ளே பார்த்தால் ஒரே கேம் நான்கு பெயரில், ஐந்து பெயரில் வந்துகொண்டே இருக்கிறது. மூன்று வாரத்தில் ஆன் ஆகவில்லை என்று மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்தார்கள். பின்மூடியைக் கழற்றினேன். பழைய நோக்கியா 1100-ல் போடுவோமே, அந்த பிஎல்-5சி மாதிரி பேட்டரி, உப்பிப் போய் மூடியைத் தள்ளிக்கொண்டு இருந்தது. பேட்டரியை மாற்றலாம், அது பெரிய விஷயமில்லை. ஆனால் போர்டைப் பார்த்தால் நடுவில் கறுப்புப் பிசின் பொட்டு வைத்தாற்போல் ஒரு சிப், மெமரி கார்டு போட இடமே கிடையாது. உள்ளே பதிந்த கேம் பதிந்ததுதான், புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது, விளையாடிய இடத்தில் நிறுத்தி மறுநாள் தொடரவும் முடியாது. இதைப் பையனின் அப்பாவிடம் சொன்னபோது அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்த ஆசை எனக்குப் புரியும். 90-களில் எங்கள் ஊர்ப்பக்கம் டிவி கேம் என்றால் 1983-ல் ஜப்பானில் வந்த ஃபேமிகாமின் நகல்தான், கேசட்டில் ஒன்பதுக்கு மேல் ஒன்பது போட்டு 'இன் 1' என்று அச்சடித்திருப்பார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை பாருங்கள். அப்புறம் குமுளியில் மாமா தங்கியிருந்த லாட்ஜ்காரர் வீட்டில் துபாயிலிருந்து வந்த கேம்பாய் என்ற கையடக்க கேம் கருவி ஒன்று இருந்தது. 1989-ல் நின்டென்டோ கொண்டுவந்தது, நாலு பென்சில் பேட்டரி போட வேண்டும், திரைக்குள் வெளிச்சம் கிடையாது. ஜன்னல் ஓரமாகப் போய், சாய்த்துப் பிடித்து, குமுளி மழை மூட்டத்தில் கிடைக்கிற வெளிச்சத்தில், மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்குகிற டெட்ரிஸ் ஆடியது இன்னும் விரல் நுனியில் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்ன வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நீங்கள் நிஜமாக விளையாடப் போகிற ஐந்து கேம் எது? ஐந்துக்கு மேல் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஐந்தும் எந்த மெஷினில் வந்தவை என்று தெரிந்துவிட்டால் திரை எப்படி இருக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். கேம்பாய் படம் 160-க்கு 144 புள்ளி (பிக்சல்), கிட்டத்தட்ட சதுரம். முதல் பிளேஸ்டேஷன் கேம்கள் பலவும் 320-க்கு 240, அந்தக் கால டிவியின் வடிவம். இப்போது வருகிற 3.5 இன்ச் கருவிகளில் பெரும்பாலும் 640-க்கு 480 புள்ளித் திரை. பிளேஸ்டேஷன் படம் அதில் சரியாக இரண்டு மடங்காக உட்காரும், கேம்பாய் படம் மூன்று மடங்காகி ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு விடும், ஒரு புள்ளி கூட மங்காது. இதே கேம்களை அகலத் திரை உள்ள கருவியில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்பு விழுந்து படம் சிறுத்துவிடும். அதைச் சகிக்காமல் இழுத்து விட்டால் மரியோ குண்டாகிவிடுவார். பிஎஸ்பி என்கிற கையடக்க பிளேஸ்டேஷனுக்கு இது தலைகீழ். அதன் படம் 480-க்கு 272, அகலம். உங்கள் ஐந்தில் மூன்று பிஎஸ்பி என்றால் அகலத் திரைதான் எடுக்க வேண்டும். விலை கூடினால் எல்லாம் நன்றாக இருக்கும் என்று நினைத்துப் பெரிய திரை வாங்கிக்கொண்டு டெட்ரிஸ் ஆடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

அடுத்தது பட்டன். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை, எனக்கு அதுதான் பெரிய வருத்தம். இடது பக்கம் கூட்டல் குறி மாதிரி இருக்கும் பட்டனை 1982-ல் டாங்கி காங் கையடக்க விளையாட்டுக்காக நின்டென்டோவின் குன்பே யோகோய் வடிவமைத்தார், பிறகு கேம்பாயை உருவாக்கியதும் அவர் குழுதான். 40 வருஷம் கழித்தும் அதை ஒழுங்காகச் செய்யத் தெரியாத கருவிகள் சந்தையில் நிறைய இருக்கின்றன. சோதிப்பது சுலபம். டெட்ரிஸை ஓடவிட்டு இடது பக்கம் மட்டும் வேகமாகத் தட்டிப் பாருங்கள். கட்டை தன்னால் சர்ரென்று கீழே இறங்கினால் இடதோடு சேர்ந்து கீழ்த்திசையும் அமுங்குகிறது என்று அர்த்தம். கான்ட்ராவில் இதுவே நேர் எதிர், ஓடிக்கொண்டே சாய்வாகச் சுட வேண்டும், அங்கே இரண்டு திசையும் ஒன்றாக அமுங்கியே ஆக வேண்டும். அதன் அடியில் இருப்பது டிவி ரிமோட்டுக்குள் இருக்கிற மாதிரி ஒரு ரப்பர்தான். அது கொஞ்சம் கனம் கூடினாலோ குறைந்தாலோ கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடும். போட்டோவில் தெரியாது.

பெயர் சொல்லியே எழுதுகிறேன், எந்த நிறுவனத்தோடும் எனக்கு வியாபாரம் கிடையாது. கேம்பாயும் பழைய டிவி கேமும் போதும் என்கிறவர்களுக்கு மியூ மினி பிளஸ். நிமிர்ந்த வடிவம், ஒரு பாக்கெட்டில் அடங்கும். பிளேஸ்டேஷன் கேமை அதிக நேரம் விளையாடுகிறவர்களுக்கு ஆன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச். படுக்கை வடிவம், இரண்டு ஸ்டிக் உண்டு, பெரிய கைக்கு வலிக்காது. விலை குறைவு வேண்டும் என்றால் ஆர்36எஸ் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்வேன். ஆனால் அதே கூட்டில் மட்டமான போர்டை வைத்து விற்கிற நகல்கள் ஏராளம், வாங்குமுன் கேட்டுத் தெளிவது நல்லது. பிளேஸ்டேஷன் 2 வேண்டும் என்கிறவர்கள் ஆண்ட்ராய்டு கருவிகளுக்கும் பெரிய பட்ஜெட்டுக்கும் போக வேண்டியதுதான். கையில் நல்ல போன் இருந்தால் எதையும் வாங்காமலே தொடங்கலாம். பழைய மெஷின்களின் கேமை போனில் ஓட்டுகிற ரெட்ரோஆர்க் ஆப் இலவசம், ஒரு புளூடூத் கன்ட்ரோலர் மட்டும் போதும். போன் திரையில் விரல் வைத்து ஆடுவதை மட்டும் நான் சொல்ல மாட்டேன், விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

வாங்கிய பிறகு இரண்டு விஷயம். பெட்டியோடு வரும் மெமரி கார்டு பெரும்பாலும் பெயர் இல்லாத கார்டு. குமுளியிலிருந்து வரும் ஒரு சேட்டன் 40 மணி நேரம் போக்கிமான் ஆடிச் சேர்த்தது ஒரு நாள் காலையில் கார்டோடு போய்விட்டது, என்னாலும் எடுத்துத் தர முடியவில்லை. முதல் நாளே நல்ல கார்டு போட்டு மாற்றிவிடுங்கள், சேவ் ஃபைலை அப்பப்போ கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வையுங்கள். இன்னொன்று சார்ஜர். டைப் சி ஓட்டை இருக்கிறதே என்று புது போனின் இரண்டு முனையும் சி உள்ள கேபிளைச் செருகினால் இந்த மலிவுக் கருவிகள் பலவற்றில் சார்ஜே ஏறாது. கருவி செத்துவிட்டது என்று நினைத்துக் கொண்டு வந்த ஏழெட்டுப் பேரை, பழைய 5 வோல்ட் சார்ஜரில் ஒரு பக்கம் அகல முனை உள்ள கேபிளைப் போட்டுக் காட்டி அனுப்பியிருக்கிறேன். ஒரு பைசா வாங்கவில்லை, அதில் பழுதே இல்லையே. மேலே எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் மழைக்காலத்தில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, நெட்டும் இருக்காது. நெட் இல்லாமல் ஓடுகிற இந்தக் கருவிகள் அந்தப் பிள்ளைகளுக்குப் பொருத்தமானவை. அதனால்தான் சார்ஜர் கதையை இவ்வளவு சொல்கிறேன்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த 10,000 கேமையும் உரிமைக்காரர்கள் யாரும் கொடுக்கவில்லை, காப்பி அடித்துப் போட்டவை. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் கணினி மென்பொருளுக்கும் பொருந்தும். பழைய மெஷின் மாதிரி நடந்துகொண்டு கேமை ஓட்டுகிற எமுலேட்டர் மென்பொருள் வேறு, கேம் வேறு. இந்த வித்தியாசத்தைக் கூடச் சொல்லாமல், திருட்டு கேம் எண்ணிக்கையை ஒரு நாளிதழ் தகுதியாகப் போடலாமா? நியாயமான வழியில் விளையாடவும் கேம் இருக்கிறது. பழைய மெஷின்களுக்காக இன்றும் புதிதாக எழுதுகிறார்கள். டோபு டோபு கேர்ள் என்று ஒரு கேம்பாய் கேம், இலவசம். மைக்ரோ மேஜஸ் 2019-ல் வந்தது, நாலு பேர் சேர்ந்து ஆடலாம், காசு கொடுத்து வாங்க வேண்டும், மொத்தம் 40 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படத்தை விடச் சின்னது. ஜிபி ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் கேம்பாய் கேம் செய்யலாம். என் கடைக்கு வரும் ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி அதில் எங்கள் ஊர் ஏலத்தோட்ட ஜீப்பை ஓட்டுகிற கேம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறாள். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறுகிற வரை வந்திருக்கிறது, வளைவில் எதிரே பஸ் வந்தால் ஜீப் பின்னால் போக வேண்டும், அது இன்னும் சரியாக வரவில்லை.

அடுத்த முறை இப்படி ஒப்பிட்டு எழுதும்போது கேம் எண்ணிக்கைக் கட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் திரையின் வடிவம், பட்டன் எப்படி, கார்டை மாற்ற முடியுமா, எந்த சார்ஜரில் ஏறும் என்று போடுங்கள். நான் மேலே சொன்ன மூன்று கருவிகளும் கடையில் இருக்கின்றன. எழுதுகிறவரை அனுப்பினால் இரண்டு நாள் கையில் கொடுத்தே விடுகிறேன், டெட்ரிஸ் ஆடிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர்,
கம்பம், தேனி மாவட்டம்.